பெண் பார்க்க வந்த கத்தி

போன ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையத்தில் ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சி. மாப்பிள்ளைப் பையன் இடுப்பில் கத்தியோடு வந்திருந்தான்.

பதற வேண்டாம். சண்டைக்கு வந்தவன் இல்லை. வாட்ச் கட்டாமல் சிலர் வெளியே கிளம்ப மாட்டார்கள் இல்லையா... அந்த மாதிரி ஒரு வழக்கம்.

பெண், என் நண்பன் தங்கவேலின் மகள் சுகன்யா. தங்கவேல் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். வீடு ஜேடர்பாளையத்தில், தடுப்பணைக்குப் போகிற வழியில். முந்தின வாரமே போன் செய்துவிட்டான்.

"ஞாயித்துக்கெழம தவறாம வந்துருடா. தம்மம்பட்டியில இருந்து வாராங்க. நாலு வார்த்த பேச ஆளு வேணும். எனக்கு லோடு, டயரு, டீசல்... இத உட்டா வேற பேச்சு வராது."

பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"புள்ளைக்குப் புடிச்சிருக்குதுடா. இதுக்கு முன்னால வந்த ஜாதகத்தையெல்லாம் தட்டி உட்டுட்டா. இந்தப் பையன் போட்டோவ மட்டும் வாங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுக்கவே இல்ல. எப்படியாச்சும் இது அமையோணும்."

சூரமங்கலத்திலிருந்து கிளம்பினேன். சட்டைப் பையில் வழக்கம்போல இரண்டு பால்பாயின்ட் பேனா. பத்திரிகை வேலை தந்த பழக்கம். ஒன்று எழுதாமல் போகும். இன்னொன்றை யாராவது இரவல் கேட்பார்கள்.

கேட்டால் மறுப்பதில்லை. ஆனால் மூடியைக் கழற்றி என்னிடம் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும்தான் கொடுப்பேன். பாங்க்கிலும் போஸ்ட் ஆபீஸிலும் நீங்களும் செய்திருப்பீர்கள். அன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாங்கினார். உள்ளங்கையில் ஒரு போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். பேனாவைச் சட்டையில் செருகப் போனவர், மூடி இல்லாததைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூடி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பேனா வந்து சேரும். இது இதுவரை எனக்குப் பொய்த்ததில்லை.

சரி, கத்திக்கு வருவோம்.

காரில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். பையன் நவீன், அவனுடைய அப்பா, அம்மா. அப்பாவுக்குத் தம்மம்பட்டிப் பக்கம் மரவள்ளிக் காடு. பையன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, அளவான சிரிப்பு. எல்லாம் பொருத்தம். பெல்ட்டில் தொங்கிய கறுப்புப் பை மட்டும் கண்ணை உறுத்தியது.

"என்றா அது? அந்தக் காலத்து செல்போன் கவராட்டம் இருக்குது?" என்று தங்கவேல் என் காதில் கேட்டான்.

சுகன்யா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சமையலறைக் கதவோரம் அம்மா பூங்கொடியோடு போய் நின்றுகொண்டாள். இங்கே மழை, அங்கே மழை, காவிரியில் தண்ணீர் என்று பேச்சு மெதுவாக நகர்ந்தது. திடீரென்று ஸ்டாண்ட் ஃபேன் நின்றது.

"அந்த பிளக்கு எப்பவுமே அப்படித்தானுங்க. ஒரு தட்டு தட்டுனா ஓடிரும்" என்று தங்கவேல் தட்டினான். ஓடவில்லை. இன்னொரு தட்டு. அப்போதும் ஓடவில்லை.

நவீன் எழுந்தான். சுவிட்சை அணைத்தான். கறுப்புப் பையைத் திறந்தான். உள்ளங்கை அளவுக்கு ஒரு ஸ்டீல் துண்டு வெளியே வந்தது. இரண்டு பக்கமும் விரித்ததும் குறடு ஆனது. கைப்பிடியிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவர் நீண்டது. பிளக்கைக் கழற்றி, கழன்றிருந்த ஒயரை முறுக்கி, திருகி, மறுபடி மாட்டினான். ஃபேன் சுற்றியது.

"மல்டிடூல் சார். எப்பவும் கூடவே வச்சிருப்பேன்" என்றான்.

"அட! குடுங்க மாப்ளே, பாக்கலாம்!"

மாப்ளே! பூங்கொடி கதவோரத்திலிருந்து கணவனை முறைத்தார். இன்னும் காபியே குடித்து முடிக்கவில்லை, அதற்குள் மாப்ளையா?

தங்களுடைய பேனாவையோ கத்தியையோ யாராவது பார்க்கக் கேட்டால், இப்படிச் சாமான்களைக் கூடவே வைத்திருக்கிற ரசிகர்களுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே... நவீன் முகத்தில் அது தெரிந்தது. ரம்பம், அரம், டப்பா திறப்பான், குட்டிக் கத்தரி என்று ஒவ்வொன்றாக விரித்தான். நண்டுக்குக் கால் முளைத்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியாகக் கத்தி. பளபளவென்று இருந்தது. அப்படியே தங்கவேலின் கையில் கொடுக்க நீட்டினான்.

தங்கவேலும் கையை நீட்டினான்.

"ஏனுங்க! வாங்காதீங்க!"

பூங்கொடியின் குரல். தங்கவேலின் கை சட்டென்று மடிக்குத் திரும்பியது. நவீனின் கை அந்தரத்தில் நின்றது.

நம் வீடுகளில் கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் எதையும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும். வாங்குபவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நேராகக் கொடுத்தால் சண்டை வரும், உறவு அறுந்துபோகும். தொழிற்சாலையில் இது தலைகீழ். அங்கே ஸ்பேனரைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தால்தான் திட்டு விழும்.

கை கிழிந்துவிடும் என்று அந்தம்மா பயப்படுவதாகப் பையன் நினைத்துவிட்டான்.

"கைப்பிடி உங்க பக்கம் வச்சுதான் சார் குடுக்கறேன். ஒண்ணும் ஆகாது, புடிங்க" என்று இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினான்.

தங்கவேல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"என்னங்க ஆச்சு?" என்றார் பையனின் அம்மா.

"கத்திய கைக்குக் கை வாங்கப்படாதுங்க. நல்ல காரியம் பேசற எடத்துல மொத மொத கையில குடுக்கறது கத்தியா இருந்தா... மனசுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க."

"நாங்க என்னமோ அருவா தூக்கிட்டு வந்த மாதிரி சொல்றீங்க!"

"அப்படிச் சொல்லலீங்க..."

"கத்தியே இல்ல இது, கொறடு" என்று பையனின் அப்பா சமாதானத்துக்கு வந்தார். "கொறடு குடுத்தா என்ன தப்பு?"

"கொறட்டுல எதுக்குங்க கத்தி?" என்றார் பூங்கொடி.

நியாயமான கேள்வி. தங்கவேல் என் பக்கம் திரும்பினான். "நீ பத்திரிகைக்காரனாச்சே. சொல்றா, இது கத்தியா, கொறடா?"

நாலு வார்த்தை பேசுவதற்குத்தானே என்னை அழைத்திருந்தான்? யோசித்துச் சொன்னேன்: "எந்தப் பக்கம் திறந்திருக்குதோ அதைப் பொறுத்தது."

யாருக்கும் திருப்தியில்லை. உள்ளது அதுதான். ஆனால் அந்த நேரத்தில் திறந்திருந்தது கத்திப் பக்கம்.

நவீனுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது. காது சிவந்துவிட்டது. மற்றதையெல்லாம் மடக்கினான், பதற்றத்தில் கத்தியை மட்டும் மடக்கவில்லை. மெதுவாகக் குனிந்து தரையில் வைத்தான்.

முறைப்படி தங்கவேல் அதை எடுத்திருக்க வேண்டும். எடுத்துப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி, மறுபடி தரையில் வைத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவன் பூங்கொடியைப் பார்த்தான். பூங்கொடி ஃபேனைப் பார்த்தார். கத்தி தரையில் கிடந்தது.

பையனின் அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"சரிங்க. போய்ச் சொல்லி அனுப்பறோம்."

பெண் பார்க்க வந்தவர்கள் 'சொல்லி அனுப்பறோம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். தங்கவேலுக்கும் தெரியும். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கதவோரம் பார்த்தேன். சுகன்யாவின் கண் அந்தக் கத்தி மேல் இருந்தது. அடுத்துப் பார்த்தபோது அவளைக் காணோம்.

"பழம் கொஞ்சம் கொண்டுட்டுப் போலாமுங்க. நம்ம தோட்டத்து ரஸ்தாளிங்க. வெறுங்கையோட எப்படிங்க போவீங்க?" என்று தங்கவேல் நேரத்தை நீட்டப் பார்த்தான்.

பின்கட்டிலிருந்து சுகன்யா வந்தாள். ஒரு முழு வாழைத்தாரை இடுப்பில் அணைத்துத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் இறக்கினாள்.

"சீப்பு வெட்ட அருவா இல்லீங்கப்பா. காட்டுக்குப் போயிருச்சு" என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு திரும்பினாள்.

"ஏனுங்க, அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுங்க."

ஏனுங்க என்பது இந்தப் பக்கம் பஸ் கண்டக்டரையும் கூப்பிடுகிற சொல்தான். அன்றைக்கு என் காதில் அப்படி விழவில்லை; பூங்கொடி தங்கவேலைக் கூப்பிட்ட மாதிரியே இருந்தது.

நவீன் கத்தியை எடுத்தான். பாடம் படித்துவிட்டான் அல்லவா? அவள் பக்கத்தில் தரையில் வைக்கக் குனிந்தான்.

"கீழ வெக்காதீங்க. கையில குடுங்க."

"சுகன்யா! கிறுக்கா புடிச்சிருக்குது உனக்கு?"

"ஏம்மா?"

"ஒறவு அந்துருஞ்சாமி!"

"அந்து போறதுக்கு மொதல்ல ஒறவாகோணுமில்லம்மா?"

கையை நீட்டியபடியே நின்றாள். நவீன் அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் சரிசெய்த ஃபேன்.

சுகன்யா உட்கார்ந்து முதல் சீப்பை அறுக்க ஆரம்பித்தாள். குட்டிக் கத்தி, தடித்த தண்டு. நவீன் தாரைப் பிடித்துக்கொள்ள எதிரில் உட்கார்ந்தான்.

"ரம்பம் இருக்குதுங்க அதுல. அதை எடுத்தீங்கன்னா சுலபமா இருக்கும்."

"கத்தியே போதும்."

"இல்லங்க, தண்டுக்கு ரம்பம்தான் சரி."

"நூல்நூலா இழுத்துக்கும்."

"ஒரு தடவ சொல்றதைக் கேட்டுத்தான் பாருங்களேன்."

"இப்ப யாரு வெட்டறது? நீங்களா, நானா?"

தங்கவேல் என்னை இடித்தான். "வந்துருச்சுடா சண்ட" என்று முணுமுணுத்தான்.

முணுமுணுப்பு அவனுக்கு எப்போதும் சரியாக வராது. எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. முதலில் சிரித்தவர் பையனின் அப்பா. உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"எங்க வீட்லயும் கத்தியைக் கீழ வச்சுதான் எடுக்கறோங்க. சண்டை நிக்கலையே!"

அவர் மனைவி ஒரு பார்வை பார்த்தார். அது வீட்டுக்குப் போனதும் தொடரும் என்று எனக்குப் பட்டது. ஆனால் எழுந்து நின்றவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பூங்கொடி உள்ளே போய் ஒரு செய்தித்தாளைக் கொண்டுவந்தார். சீப்புகளை மடித்துச் சுற்றிக் கொடுத்தார். எங்கள் பத்திரிகைதான். இந்தப் பத்தி வருகிற பக்கம்தான். போன வாரம் நான் எழுதியது ரஸ்தாளியைச் சுற்றிக்கொண்டு தம்மம்பட்டி போயிற்று.

"வரோங்க" என்றார் பையனின் அம்மா. சொல்லி அனுப்புவதைப் பற்றி இந்த முறை பேச்சில்லை. அதே சமயம் உறுதியாகவும் ஒன்றும் சொல்லவில்லை.

கத்தி முழுக்க வாழைக்கறை. கழுவித் தருவதாகச் சுகன்யா கையில் வைத்திருந்தாள். கார் கிளம்பத் தயாராக நின்றது.

"அவசரமில்லங்க. கழுவிக் காய வைங்க. வந்து வாங்கிக்கறேன்" என்றான் நவீன்.

வந்து. அந்தச் சொல்லைத் தங்கவேல் கேட்டான், பூங்கொடி கேட்டார், நானும் கேட்டேன். காரில் ஏறும்போது அவன் பெல்ட்டில் அந்தக் கறுப்பு உறை காலியாகத் தொங்கியது.

வீட்டுக்கு வந்து இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தேன். இதற்கு 'எவ்ரிடே கேரி' என்று பெயராம். தினமும் கூடவே எடுத்துப் போகிற சாமான்கள். பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் மேஜையில் கொட்டி, வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பேனா, டார்ச், மடக்குக் கத்தி, சாவி வளையம். துளி அழுக்கில்லை. பழைய பழக்கம்தானே? பூங்கொடியின் தாலிச் சரடில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். தங்கவேலின் சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. யாரும் படம் எடுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

படங்களைப் பார்க்கப் பார்க்க ஒன்று தோன்றியது. எல்லாம் மேஜை மேல் இருக்கின்றன. இன்னொருவர் கையில் கொடுக்கிற மாதிரி ஒரு படம்கூட என் கண்ணில் படவில்லை. எதற்கும் தயாராக இருக்கிறோம். திருகு கழன்றால், மின்சாரம் போனால், கயிறு சிக்கினால். இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் யோசிக்கிறோம். ஒருவர் கீழே வைக்கிறார், இன்னொருவர் மூடியைக் கழற்றி வைத்துக்கொள்கிறார்... நானும் இதில் சேர்த்திதான்.

புதன்கிழமை தங்கவேல் போன் செய்தான். குரலில் கவலை.

"அவிங்க கிட்ட இருந்து இன்னும் ஒரு தாக்கல் தகவலும் இல்லடா. பூங்கொடி நான் அப்பவே சொன்னேன்னு ஆரம்பிச்சுட்டா."

"கத்தி எங்கே?"

"அது புள்ளையோட ஆபீஸ் பைக்குள்ள இருக்குது. கம்பெனிக்கும் எடுத்துட்டுப் போறா. கூரியர்ல அனுப்பிரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்ங்கறா."

"உறை?"

"எந்த உறை?"

"கத்தி உறைடா. கறுப்புப் பை. அது யார்கிட்ட இருக்கு?"

"அது அந்தப் பையன் இடுப்புலயே போயிருச்சே. எதுக்கடா கேக்கற?"

கவலைப்படாமல் தூங்கச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். மூடி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பொருள் போய்ச் சேரும்.

இந்த முறை அது தனியாகப் போகாது என்று நினைக்கிறேன்.