கண்டாவளையில் பாஞ்சோ கேட்ட பகல்

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வவுனியாவிலிருந்து கண்டாவளைக்குப் போய் வந்தேன். கோயிலுக்கும் அல்ல, கலியாணத்துக்கும் அல்ல. ஒருவர் பாஞ்சோ வாசிப்பதை நேரில் கேட்கப் போனேன். அச்சகத்தில் என்னோடு வேலை செய்பவர்களிடம் சொன்னபோது சிரித்தார்கள். காது கேளாதவள் கச்சேரிக்குப் போகிறாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தானே செய்யும்.

என் எழுத்தைப் புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காய்ச்சலில் எனக்கு இரண்டு காதும் போய்விட்டன. பிறகு அறுவைச் சிகிச்சை செய்து வலது காதுக்குள் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டு. பல மாதப் பயிற்சிக்குப் பின் மனிதர் பேசுவது விளங்கத் தொடங்கியது. பாட்டு மட்டும் திரும்பவில்லை. வயலின் கேட்டால் தகரத்தில் ஆணி கீறுவது போலிருக்கும். நாதஸ்வரம் லொறி ஹோர்ன். பாடும் குரலோ, யாரோ வாளிக்குள் தலையை விட்டுக் கத்துவது போல.

பயிற்சி தருகிற அம்மாதான் ஒரு வழி சொன்னார். குரல் வேண்டாம், கூட்டு வாத்தியம் வேண்டாம், தனி வாத்தியமாக ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள் என்றார். புல்லாங்குழலில் தோற்று, வீணையில் பாதி தோற்று, ஒருநாள் பாஞ்சோவுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் பக்கம் பெஞ்சோ என்றால் பலருக்குப் பொத்தான்கள் வைத்த பெட்டி வாத்தியம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு. மேளம் போல வட்டமான தோல் முகம், நீண்ட கழுத்து, ஐந்து கம்பி. அதில் ஒவ்வொரு ஒலியும் 'டக்' என்று பிறந்து உடனே அடங்கிவிடும். அடுத்த ஒலிக்கு இடம் விட்டுப் போகும். அந்த இடைவெளிதான் என் கருவிக்கு வேண்டியிருந்தது.

அதன் பிறகு கைபேசியில் கிடைத்ததையெல்லாம் கேட்டேன். பாட்டே இல்லாமல் வெறும் விரலோட்டமாக வாசிக்கிறவர்கள், கம்பிக்குள் துணி செருகி வாசிக்கிறவர்கள், வில்லால் இழுக்கிறவர்கள். இப்படித் தேடிக்கொண்டிருந்த ஒரு மாலையில், இடுப்பில் சாரம் கட்டிய ஒருவர் முற்றத்தில் லாண்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை, ஓடவிட்டு, அதன் 'டுக்குடுக்கு'க்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்து பாஞ்சோ வாசிக்கும் காணொளி ஒன்று வந்தது. இடம் கண்டாவளை என்று போட்டிருந்தது. வரலாமா என்று எழுதிக் கேட்டேன். 'வாங்கோ' என்று மட்டும் பதில் வந்தது.

ஒரு பயம் இருந்தது. கைபேசியில் கேட்கும்போது ஒலி நேரே கருவிக்குள் போய்விடும். நேரில் அப்படியில்லை. காற்று, கோழி, பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் சேர்ந்து வரும். அங்கேயும் அது இரைச்சலாகிவிட்டால், இசை என்பது இனி எனக்குக் கைபேசிக்குள் மட்டும்தான். அதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடலாமோ என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

காலை ஆறேகாலுக்கு யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறி, பரந்தன் சந்தியில் இறங்கினேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம், முந்நூற்றுப் பத்து ரூபா. அங்கிருந்து ஆட்டோ. முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டை தாண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும். பன்னிரண்டு கிலோமீற்றருக்கு ஆயிரத்து இருநூறு ரூபா கேட்டார். அறுவடை நேரம் என்பதால் வீதியில் பாதியை நெல் பிடித்திருந்தது. மற்றப் பாதியில்தான் போக்குவரத்து.

"எனக்குக் காது கேக்கிறது குறைவு தம்பி. என்ரை முகத்தைப் பாத்துக் கதையுங்கோ," என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். நல்ல பிள்ளை. ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுதாகத் திரும்பிவிட்டார்.

"நிக்கேக்க மட்டும் பாத்தால் காணும்," என்றேன்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஆரின்ரை வீட்டை, அக்கா?"

"தவராசா எண்டு, பெஞ்சோ வாசிக்கிறவர்."

"ஓ, தெரியும். நல்ல மனுசன். ஆனா ஒரு பாட்டையும் முழுசா வாசிக்கமாட்டார்."

எனக்கு வேண்டியதும் பாட்டு அல்லவே. அந்தச் சொல் தெம்பாக இருந்தது.

தவராசா அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கனடாவில் நெடுங்காலம் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, நான்கு வருடத்துக்கு முன் ஊர் திரும்பி வயல் செய்கிறார். பாஞ்சோ அங்கே பக்கத்து வீட்டுக்காரர் குடிபெயரும்போது கொடுத்தது. அவருடைய மனைவி ரதியக்கா குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, "பஸ்ஸில வந்தனீங்களோ, உதுக்காகவோ?" என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்கவில்லை. ஆனால் நம்பியதாகவும் தெரியவில்லை.

விருந்தாளிக்கு மரியாதையாகத் தொடங்க வேண்டும் என்று அண்ணை நினைத்திருக்க வேண்டும். ஒரு அம்மன் பாட்டை வாசித்தார். ரதியக்கா கூடவே பாடினார். எனக்குள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக் கலங்கியது. குரல் எது, கம்பி எது என்று பிரிக்க முடியவில்லை. நான் சிரித்த முகத்தோடு இருக்கப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. பக்தி என்று நினைத்து அவர் இன்னும் உருக்கமாக வாசித்தார்.

அப்படியே எழும்பி வந்திருப்பேன். ஆனால் ஆட்டோ திரும்பி வர இன்னும் நேரம் கிடந்தது. அதனால்தான் வாய் திறந்தேன்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பாட்டு எனக்கு விளங்காது. இந்தக் கருவியால எல்லாம் ஒரே இரைச்சலா வரும்."

அவர் விரலை எடுத்துவிட்டார். "வாறாக்கள் எல்லாரும் பாட்டைத்தான் கேக்கிறவை."

"லாண்ட்மாஸ்டரோட வாசிச்சியளே, அது வேணும்."

ரதியக்கா கணவரின் முகத்தைப் பார்த்தார். "அதைக் கேக்கவும் ஒரு ஆள் இருக்கு. நான் என்ரை தலையில அடிச்சதுதான் மிச்சம்," என்றார். அப்போதுதான் அண்ணை சிரித்தார்.

லாண்ட்மாஸ்டர் அன்று வயலில் நின்றது. அதற்குப் பதிலாக அவர் கதிரையை எனக்கு நேரே, ஒரு முழத் தூரத்துக்கு இழுத்துப் போட்டார். கீழ்க் கம்பியைத் தட்டி, "கேக்குதோ?" என்றார்.

"மங்கலாத்தான்."

"இது?"

"ஓம். தெளிவு."

"இது?"

"கேக்குது. ஆனா முதல் கேட்டதும் இதும் எனக்கு ஒண்டுதான்."

இப்படி ஒவ்வொன்றாகப் போனோம். எந்த ஒலி எனக்குள் வருகிறது, எது வழியில் தொலைகிறது என்று அவர் பிடித்துக்கொண்டார். தடித்த கம்பிகளை விட்டுவிட்டார். கம்பிக்கடியில் ஒரு கைக்குட்டையைச் செருகினார். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி அதால் தோல் முகத்தைத் தட்டினார். பிறகு, கழுத்தின் நடுவில் தொடங்கும் அந்தக் குட்டையான ஐந்தாம் கம்பியை விடாமல் துடிக்கவைத்து, அதன் பக்கத்தில் நாலைந்து ஒலிகளை மட்டும் வைத்து வாசிக்கத் தொடங்கினார்.

கோழி கத்தியது. வீதியில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். எல்லாம் கேட்டது. ஆனாலும் அந்த ஒலிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஓலையில் விழும் முதல் மழைத்துளிகள் போல வந்தன. ஓரிடத்தில் அவர் வேண்டுமென்றே ஒன்றைத் தவறவிட்டார். அந்த ஒலியை நான் முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தேன் என்பது அது வராமல் வெற்றிடமானபோதுதான் தெரிந்தது. எதிர்பார்க்க முடிந்தால் அது இரைச்சல் இல்லை.

"கால் தாளம் போடுது, பாருங்கோ," என்று ரதியக்கா சொன்னார். என் காலைத்தான்.

மதியம் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் தந்தார்கள். சாப்பிடும்போது அண்ணை சொன்னார்: "எனக்கும் நல்லாயிருந்தது தங்கச்சி. ஊருக்கு வந்த நாளிலயிருந்து, நான் வாசிக்கிறது பிழையோ எண்டு நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

கருவியோடு பயணம் செய்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பற்றரி இரண்டு கூடுதலாகக் கொண்டுபோங்கள். வெயிலில் வியர்வை பட்டு எனக்கு ஒன்று பாதி வழியிலேயே போனது. பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் இருந்தால் இயந்திரச் சத்தம் அதிகம், நடுவில் இருங்கள். ஆட்டோக்காரரிடம் திரும்பி வரும் நேரத்தையும் பேசி வையுங்கள். கண்டாவளைக்குள் வண்டி தேடிப் பிடிப்பது கடினம். வாசிக்கிறவரிடம் எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று மறைக்காமல் சொல்லுங்கள். நான் மரியாதைக்காக இன்னும் கால் மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பேன்.

பின்னேரம் மூன்றரைக்குப் பரந்தனில் பஸ் ஏறினேன். பஸ்ஸில் சினிமாப் பாட்டு உரக்கப் போனது. வட்டைக் கழற்றிப் பையில் வைத்தேன். சட்டென்று முழு அமைதி. காது போன நாளிலிருந்து இந்த அமைதிக்குள் பழைய பாட்டுகள்தான் வரும், வரவர அவையும் தேய்ந்துகொண்டே போகும். அன்று மாங்குளம் தாண்டும்போது வேறொன்று ஓடிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். நாலைந்து ஒலி, பிறகு ஒரு வெற்றிடம், மறுபடி நாலைந்து ஒலி. செவிடான பிறகு என் தலைக்குள் குடிவந்த முதல் புது மெட்டு அது. வவுனியா வரும்வரை அதை ஓடவிட்டுக்கொண்டே, யன்னலில் தலை சாய்த்திருந்தேன்.