தேசப்பன் வீட்டுக் கழுதை

உப்பு வாரியே முதுகு வளைந்த தேசப்பன் நிமிர்ந்து நிற்பது வருஷத்தில் ஒரு நாள்தான். மரக்காணம் உப்பளத்தில் முதல் உப்பு வாரும் நாளில், பூசை முடிந்ததும் தன் முப்பாட்டனின் கழுதைக் கதையைச் சொல்வார். உப்பு மூட்டையோடு வாய்க்காலில் தவறி விழுந்து, உப்பு கரைந்து சுமை குறைந்ததும், தினமும் வேண்டுமென்றே விழ ஆரம்பித்த கழுதை அது. சொல்லி முடித்தால் துண்டு போர்த்துவார்கள்.

இந்த வருஷம் துண்டை விரித்த நேரத்தில், ஆரோவில் நூலகத்தில் வேலை பார்க்கும் மருமகள் சிவசங்கரி வாயைத் திறந்தாள். "மாமா, இது கிரேக்கத்துக் கதைங்க. யாரோ ஒரு அடிமை சொன்னதாம்."

துண்டு அந்தரத்தில் நின்றது.

"அவனப் பாத்தவங்க இருக்காங்களாம்மா?"

"அப்படி ஒருத்தர் இருந்தாரான்னே தெரியலயாம். ஆளாளுக்குச் சொன்னத அவர் பேர்ல சேத்துட்டாங்களாம்."

"பாத்தியா! அங்க ஆளே இல்ல. இங்க முப்பாட்டனுக்கு வாரிசா நானே நிக்கிறேன். கழுத விழுந்ததும் இதோ, இந்த வாய்க்கால்லதான்."

கூட உப்பு வாரும் பாஞ்சாலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏண்ணா, அந்தத் தண்ணியிலதான நாம உப்ப அலசுறோம்? அவ்ளோ கரிக்கிற தண்ணியில உப்பு எப்படிண்ணா கரையும்?"

எல்லாரும் சிரித்தார்கள். தேசப்பன் வாய்க்காலைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

"சரி, கழுத வேணா கிரேக்கத்துக் கழுதையா இருந்துட்டுப் போகட்டும். கதை எங்களுது" என்று கழுத்தை நீட்டினார்.

விரித்த துண்டை இனி யார் மடிப்பது? போர்த்திவிட்டார்கள்.