எரிமலைப் பள்ளத்தில் மத்தியானச் சாப்பாடு

ஆபிரிக்காவுக்குப் போக வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஆசை என் கணவருக்குத்தான். அவருடைய அண்ணர் அப்போது தன்சானியாவில் ஆசிரியர். அணைந்துபோன எரிமலை ஒன்றின் பள்ளத்துக்குள் சிங்கமும் காண்டாமிருகமும் கூட்டமாக வாழ்கின்றன என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவார். எழுபதுகளின் நடுவில் ஒருவழியாக நார்த்மீட் வீட்டைப் பூட்டிக்கொண்டு சிட்னியிலிருந்து கிளம்பினோம்.

பம்பாயில் விமானம் மாற ஆறு மணித்தியாலம் காத்திருந்தோம். இவர் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். தோளில் சாய்ந்து தூங்கச் சொன்னார். அப்படிக் கரிசனை காட்டுகிற மனிதரே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அங்கிருந்து போய் ஆறாம் நாள், விடியமுன்னமே அண்ணரின் வீட்டிலிருந்து பள்ளத்துக்குப் புறப்பட்டோம். அண்ணரும் இவரும் வாசலில் நின்று குசுகுசுத்தார்கள். பாதையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். லான்ட் ரோவர் செங்குத்தாக இறங்கியது. கீழே சுற்றிவர மலைச்சுவர், நடுவில் உப்பு ஏரி, கரையெல்லாம் பூநாரைகள். வரிக்குதிரைகள் எங்கள் ஊர் ஆடுகள் மாதிரி வழிவிடாமல் நின்றன.

மத்தியானம் பொரித்த கோழியும் பாணும் எடுத்தோம். இவர் கோழியைத் தொடவில்லை. இறைச்சி இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர், அன்று பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டார்.

"என்ன, சிங்கத்தைக் கண்டவுடன சைவமாகிட்டீங்களோ?" என்று சீண்டினேன். அவர் இன்னொரு வாழைப்பழத்தை உரித்தார். அப்போது ஒரு பருந்து பாய்ந்து என் கையிலிருந்த கோழிக்காலைப் பறித்துக்கொண்டு போனது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் அதைப் படம் பிடித்தார். பிறகு இன்னொரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன்.

நார்த்மீடுக்குத் திரும்பி வந்தபோது வாசலில் இரண்டு கார்கள் நின்றன. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாரும் பயணக் கதை கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கதிரைகளை இழுத்துப் போட்டுச் சிங்கக் கதையைத் தொடங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு அன்ரி என் கையைப் பிடித்தா. "அப்பா போயிட்டார் பிள்ளை."

நாங்கள் பள்ளத்தில் இருந்த அன்றுதான் யாழ்ப்பாணத்தில் அப்பாவை எரித்திருக்கிறார்கள். சேதி கிடைத்த சிட்னித் தமிழர் முதல்நாள் பின்னேரமே அண்ணரின் வீட்டுக்குத் தந்தி அடித்துவிட்டார்கள். இவர் சாவுத் துடக்குக் காத்து இறைச்சியை விட்டார். அப்பாவின் மகள் கோழி தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனாலும் முகம் பாத்திருக்கேலாது. அந்நிய இடத்தில நீர் தாங்கமாட்டீர் எண்டுதான் சொல்லேல்லை" என்றார். நாங்கள் அப்படித்தான், வெளியூரில் இருப்பவருக்குச் சாவைப் பக்குவம் பார்த்துத்தான் சொல்வோம். நானும் மற்றவர்களுக்கு அப்படி மறைத்திருக்கிறேன். அதனால் அழுது முடித்து, மனதை ஆற்றிக்கொண்டேன்.

அடுத்த கிழமை லோன்றிக்குக் கொடுக்க அவருடைய கோட்டைத் தட்டியபோது உள்பையில் இன்னொரு தந்தி இருந்தது. அது சிட்னிக்கு வந்தது, நாங்கள் புறப்படுவதற்கு முதல்நாள். "அப்பா கடுமை. மகளை உடனே அனுப்பவும்."

"முந்தியும் ரெண்டு தரம் இப்பிடித் தந்தி வந்து, பிறகு சுகப்பட்டவர்தானே" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பம்பாயில் என் தலை சாய்ந்திருந்தது அந்தக் கோட்டில்தான். அங்கிருந்து கொழும்பு எவ்வளவு தூரம்? அன்றைக்கு இந்த மனிதரை நான் வெறுத்தேன். பிறகும் அவரோடு குடும்பம் நடத்தினேன், ஆனால் அவர் கொண்டுவந்து தந்த தேத்தண்ணீரை ஒருநாளும் குடித்ததில்லை.

தங்கச்சியின் கடிதம் பிந்தித்தான் வந்தது. "பதில் வராதபடியால் நீங்கள் வெளிக்கிட்டிட்டியள் எண்டு நினைச்சம். கடைசி நாலு நாளும் அப்பா உங்களைத்தான் கேட்டவர். அக்கா பிளேன் ஏறிட்டா, அக்கா பிளேன் ஏறிட்டா எண்டு சொல்லிச் சொல்லித்தான் அவரை வைச்சிருந்தனாங்கள்."

அவர்கள் அப்பாவுக்குப் பொய் சொல்லவில்லை. நான் பிளேன் ஏறித்தான் இருந்தேன்.