ஆளில்லாத அறையின் சத்தம்

துர்காஷினி வாரநாட்களில் தம்போய்க் கார்ப் பட்டறையில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகலைப் பட்டத்துக்காகப் படம் எடுக்கிறாள். இம்முறை அவள் போனது, கோத்தா திங்கி அருகே எல்லோரும் காலி செய்துவிட்டுப் போன ஒரு தோட்ட லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு.

படப்பிடிப்பு முடிந்ததும் அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவுசெய்வது தொழில் வழக்கம். கதவைச் சாத்தி, அசையாமல் நின்றாள். ஹெட்போனில் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. பிறகு ஓர் இருமல்.

தானும் காதில் மாட்டியிருந்த வகுப்புத் தோழன் தீபன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான். "அலமாக்! வா, போலாம் லா!"

"பேய்க்கு ஏதுடா சளி?" என்றபடி பலகைச் சுவரைத் தட்டினாள்.

"போலீஸ்ல சொல்லிடாதீங்கம்மா" என்றது அடுத்த வீட்டுக் குரல்.

குரலுக்குரிய அஞ்சப்பன் இதே லயத்தில் பிறந்து ஐம்பது ஆண்டுகளாகின்றன. பிறப்பை யாரும் பதியவில்லை. அடையாள அட்டை இல்லை. லயத்தாருக்கு மாற்று வீடு தந்தபோது பட்டியலில் அவர் பெயரும் இல்லை. போக இடமின்றி ஒளிந்திருந்தார்.

"இந்தப் பதிவ அழிச்சிடறேண்ணே" என்றாள் துர்காஷினி.

"வேணாம்மா. நான் இருக்கேன்னு அது ஒண்ணாச்சும் சொல்லட்டும்."

இருமல் படத்தில் இருக்கிறது. இடத்தின் பெயர் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பேய் என்கிறார்கள். பேயை ஒருநாளும் நம்பாத துர்காஷினி மறுப்பதில்லை. மனிதர் என்று தெரிந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்.