எட்டுப் பேரைக் கடலுக்குக் கூட்டிப் போனது

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. செலண்டாருக்கும் ஜாசினுக்கும் நடுவில் எங்கள் ரப்பர் தோட்டம். சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது எங்கள் வரிசை வீடுகளை, பிரித்து எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். சுற்றி முள்கம்பி வேலி. ஒரே ஒரு கேட். காலையில் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். பால் வெட்டப் போகிறவர்களையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஆண்களைப் பார்க்க மாத்தாமாத்தா, அதாவது போலீஸ்காரர். பெண்களைப் பார்க்க ஒரு பெண். எல்லாம் அரிசிக்காக. அரிசி ஒரு மணிகூட வேலிக்கு வெளியே போகக் கூடாது. சோறாகவும் போகக் கூடாது. காட்டில் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கு அது போய்விடும் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் மத்தியானத்துக்கென்று இடுப்பில் ஒரு பொட்டலம் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பிடிபட்டார். அவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயே நின்றுவிட்டார்கள்.

நான் ஆபீஸ் தபால் கொண்டு போகிறவன். சைக்கிளில் ஜாசினுக்குப் போய் வருவேன். அதனால் என்மேல் எல்லாருக்கும் கொஞ்சம் பொறாமை. முதலில் கேட்டது என் மச்சான்தான்.

“நீ மட்டும் தெனம் காத்து வாங்கிட்டு வர்ற. நாங்க கம்பியப் பாத்துக்கிட்டே கெடக்கோம். ஒரு நாயித்துக்கெழம எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ லா.”

“எங்க?”

“தண்ணி இருக்கிற எடமா பாரு. பைப்புத் தண்ணி இல்ல. பாத்தா கண்ணு நெறையணும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டேன். கிராணி துரையிடம் கேட்டார். துரை கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று கிடைத்தது. முதல் தடவை நாலு பேர், ஜாசினுக்கு இப்பால், ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைக்குப் போனோம். பச்சையாகத் தண்ணீர், சுற்றி வெள்ளை மணல். அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு ஒரு தடவை ஆற்றுப் பாலத்துக்கு. மூன்றாவது தடவைதான் கடல் என்று பேச்சு வந்தது. மெர்லிமாவ் தாண்டினால் கடல்.

கடல் என்றால் சும்மா இல்லை. போக வர முப்பது மைலுக்கு மேல். ஒரு மாதம் யோசித்தேன். தபால் கொண்டு போகும்போது மைல் கல்லை எண்ணினேன். எந்த மேட்டில் பெண்களை இறக்கிவிட்டு உருட்ட வேண்டும், காலையில் எந்தப் பக்கம் நிழல் விழும், எந்தக் கடையில் தண்ணீர் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள் என்று பார்த்து வைத்தேன். திரும்பும்போது கடல் காற்று முதுகில் தள்ளும் என்று ஒரு மீன்காரர் சொன்னார். அதையும் கணக்கில் சேர்த்தேன். எதையும் காகிதத்தில் எழுதவில்லை. வழி வரைந்த காகிதம் பையில் இருந்தால், இது யாருக்கு என்று கேட்பார்கள். சாப்பாடு மெர்லிமாவ் கடையில். யாரும் எதையும் கட்டிக்கொண்டு வரக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

கிராணி சீட்டைக் கொடுக்கும்போது சொன்னார். “எட்டுப் பேரு. பொறுப்புன்னு ஒன் பேர போட்டிருக்கு. ஆறு மணிக்கு எட்டுப் பேரும் உள்ள இருக்கணும். ஒரு குத்தம் வந்தாலும் ஒன்னத்தான் ஸ்டேஷன்ல வச்சு விசாரிப்பான்.”

“சரிங்கய்யா.”

“சரின்னு லேசா சொல்ற.”

லேசாகச் சொல்லவில்லை. வீட்டில் மனைவிக்கு எட்டு மாதம்.

ஆறு சைக்கிள், எட்டுப் பேர். நான், மச்சான், அவன் மனைவி, எதிர் வரிசையிலிருந்து மூன்று பேர், அவர்களில் ஒருவருடைய மனைவி. எட்டாவது ஆள் எங்கள் வரிசைக் கடைசி வீட்டு அண்ணன். நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். மூன்று மாதத்துக்கு முன்தான் அவர் மனைவி டவுன் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். அந்த வாரம் காட்டு ஆட்கள் சாலையில் லாரியைச் சுட்டுவிட்டார்கள். இரண்டு நாள் யாரையும் வெளியே விடவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மண்மேடுதான் இருந்தது. அவரே வந்து, “தம்பி, என்னயும் சேத்துக்க” என்றார். மனசு மாற வருகிறார் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிறு காலை கேட்டில் தடவிப் பார்த்தார்கள். பையைக் கவிழ்த்தார்கள். சைக்கிள் சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்கள். விட்டுவிட்டார்கள். எனக்கு மூச்சு வந்தது.

தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஒரு மைல் போயிருப்போம். நான் கடைசியில் வந்தேன். எல்லாரும் கண்ணில் இருக்க வேண்டும் என்பதற்காக. எனக்கு முன்னால் அண்ணன். குழியில் அவர் சைக்கிள் குதித்தது. ரோட்டில் வெள்ளையாக ஏதோ விழுந்தது. இன்னொரு குழி. மறுபடியும் விழுந்தது. இறங்கிப் பார்த்தேன். அரிசி.

“செயின் கழண்டிருச்சு, நீங்க போங்க, வர்றோம்” என்று முன்னால் போனவர்களுக்குக் கத்தினேன். அண்ணனை நிறுத்தினேன். அவர் சைக்கிளின் வலது கைப்பிடி ரப்பர் பழசு, பிளந்திருந்தது. அதற்குள்ளே இருந்த இரும்புக் குழாயில் அரிசியைப் போட்டுத் துணியால் அடைத்திருந்தார். துணி நழுவியிருந்தது.

“என்னண்ணே இது?”

அவர் தரையைப் பார்த்தார். “ஒரு பிடிதான் தம்பி.”

“சாப்பாடு கடையிலன்னு சொன்னேனே.”

“சாப்பிட இல்ல.” பிளந்த ரப்பரைத் தடவினார். “அவளுக்கு வாய்க்கரிசி போடல. கடல்ல போடலாம்னு.”

குனிந்து ரோட்டில் கிடந்த மணிகளைப் பொறுக்கினேன். அவரும் பொறுக்கினார். அடுத்து அந்தப் பக்கம் பட்டாளத்து லாரி வரும். செம்மண்ணில் அரிசி பளிச்சென்று தெரியும். பொறுக்கியதைப் பாக்கெட்டில் வைக்கப் பயம். வாயில் போட்டு மென்றேன். மண்ணோடு விழுங்கினேன்.

மீதியைக் காட்டில் கொட்டலாமா என்று யோசித்தேன். மரத்தடியில் அரிசி கிடந்தால் தோட்டத்தையே உலுக்கிவிடுவார்கள். திரும்பிப் போனால் கேட்டில் மறுபடியும் தேடுவார்கள், ஏன் திரும்பினாய் என்று கேட்பார்கள். முன்னால் போனால் ஜாசின் நுழைகிற இடத்தில் சாலைத் தடுப்பு.

“மென்னு முழுங்கச் சொன்னா முழுங்கிர்றேன்” என்றார் அண்ணன். “ஆனா இது அவ வாயில விழ வேண்டியது தம்பி.”

தடுப்பில் நிற்கும் மாத்தாமாத்தாவுக்கு என்னைத் தெரியும். தினம் பார்க்கிறவர். ஒரு நாளும் என்னை நிறுத்தித் தேடியதில்லை.

“சைக்கிளக் குடுங்க” என்றேன். “என்னுத எடுத்துக்குங்க.”

துணியை நன்றாகத் திணித்து ரப்பரை ஏற்றினேன். ஜாசின் வரைக்கும் என் வலது கை அந்தக் கைப்பிடியை விடவில்லை. விரல் மரத்துப் போனது. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மச்சான் மனைவி கேரியரில் உட்கார்ந்துகொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். வாயை மூடு என்று சொல்லலாம் போலிருந்தது. சொல்லவில்லை.

தடுப்பில் ஐ.சி., அதாவது அடையாளக் கார்டுகளைப் பார்த்தார்கள். பெண்களின் பையைப் பார்த்தார்கள். எனக்குப் பழக்கமான மாத்தாமாத்தா என்னிடம் வந்து சிரித்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“பாசிக்கால் சியாப்பா?” என்றார். யாருடைய சைக்கிள் என்று.

தினம் பார்க்கிறவருக்கு என் சைக்கிளும் தெரியும். அதை நான் யோசிக்கவில்லை. ஒரு மாதம் எல்லாவற்றையும் யோசித்தவன்.

அண்ணனைக் காட்டி, அவருக்குக் கால் வலி, என் வண்டி லேசு, மாற்றிக்கொண்டோம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். எந்தக் கால் என்று கேட்டார். இடது என்றேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் வலது காலைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

பின்னாலிருந்து மச்சான், “டுவா டுவா” என்றான். இரண்டும்தான் என்று. தமிழில் என்னிடம், “கெழவனுக்கு எந்தக் காலுதான் வலிக்கல? இதுக்கெல்லாமா விசாரண?” என்றான். அவனுக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது. அதனால்தான் அவன் முகத்தில் பயமே இல்லை.

மாத்தாமாத்தா சிரித்தார். ஆனாலும் கைப்பிடிக்கு நடுவில் பிடித்து வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். உள்ளே அரிசி நகர்ந்தது எனக்குக் கேட்டது. எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி இன்ஜினை நிறுத்தாமல் நின்றது. அவருக்குக் கேட்டதோ இல்லையோ, இன்றுவரை தெரியாது. என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு, “ஜாலான்” என்றார். போ என்று.

போனேன்.

கடல் வந்தது. வந்ததும் எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். தென்னை, அலை, தூரத்தில் ஒரு மீன் படகு. நல்ல இடம்தான். நான் ஆட்கள் யாரும் வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சைக்கிளைத் தண்ணீர் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனார். ரப்பரைக் கழற்றி, குழாயைச் சாய்த்து, கையில் கொட்டினார். பாதிதான் இருந்தது. முட்டி ஆழத்தில் நின்று மூன்று தடவையாகப் போட்டார். மனைவியின் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டது கேட்டது. மச்சான் மனைவி பார்த்துவிட்டாள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

மச்சான் என் பக்கத்தில் வந்தான். “அதுலயா இருந்துச்சு?”

“ம்.”

“நான் அங்கன நின்னு ஜோக்கடிச்சேனே.” அப்புறம் மெர்லிமாவ் கடையில் அவன் சாப்பிடவில்லை.

ஐந்தரைக்குக் கேட்டுக்குள் வந்துவிட்டோம். கிராணி எட்டுத் தலையை எண்ணினார். “எப்படிப்பா கடலு?” என்றார்.

“நல்லாருந்துச்சுங்கய்யா.”

மறுநாள் தபால் கொண்டு போனபோது அதே மாத்தாமாத்தா என்னைத் தடவிப் பார்த்தார். பையைத் திறக்கச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். கோபமாக இல்லை. பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போகலாம் என்று பேச்சு வந்தது. இந்தத் தடவை பத்துப் பேர் வருவதாகச் சொன்னார்கள். அதில் புது ஆட்களும் உண்டு. என் மகள் அப்போது பிறந்து பதினைந்து நாள். நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பைப்படியில் பத்துப் பேரையும் நிற்க வைத்துக் கேட்டேன். “செத்தவங்க யாருக்காச்சும் வாய்க்கரிசி போட வேண்டியது பாக்கி இருக்கா? இப்பவே சொல்லிருங்க. வழியில எனக்குத் தெரியக் கூடாது.”

மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்று பேர்.

கிராணியிடம் போய்ச் சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.