கிணற்றடியில் ஓர் எஞ்சின்

அப்பா சாம்பல்தீவுக் கரையில் விடியுமுன் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய மரப்பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, காட்டுவழியாகக் கந்தளாய்க்குக் கொண்டுபோய் விற்றுவந்தார். அந்த மோட்டார் சைக்கிள் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கடற்படைக்காரன் நாட்டை விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. பல கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. பெட்டியிலிருந்து வடியும் உப்புத்தண்ணீர் வருடக்கணக்காகச் சொட்டிச் சொட்டி, எஞ்சினின் அலுமினிய உடம்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. விரல் பட்டால் பொருக்கு உதிரும். பொருத்துகளில் எண்ணெய் கசியும். எனக்குப் பத்து வயதானபோது அது ஏற்றங்களில் இழுக்க மறுத்தது.

பேக்கரி வாசலில் பாணுக்குக் கூட வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வருவதில்லை. ஆகவே அப்பா எஞ்சினைத் தானே இறக்கிக் கழற்றி, துண்டு துண்டாகச் சாக்கில் பரப்பினார்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் வீட்டில் வளர்ந்தவர். அப்பாதான் ஆள் பிடித்து, கெஞ்சி, அவரைத் துறைமுகத்து வேலைத்தலம் ஒன்றில் சேர்த்துவிட்டிருந்தார். கப்பல் தகடுகளில் ஏறிய துருவைக் காற்றின் விசையில் மணலடித்து உரிப்பது அவருடைய வேலை. காதுக்குள்ளும் இமைக்குள்ளும் மணலோடுதான் வருவார். தலையணை உறையை உதறும்போதெல்லாம் அம்மா அவரைத் திட்டுவார், அவர் சிரிப்பார். தன்னால் அப்பாவுக்கு ஏதாவது உதவி ஆகவேண்டும் என்ற ஆசை அவருக்கு நெடுநாளாக இருந்தது.

"தாங்கோ அத்தான், ஒருக்கா மணல் அடிச்சுக்கொண்டு வாறன். பிறகு பாருங்கோ" என்று துண்டுகளை உரப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது நாங்கள் எல்லோரும் முற்றத்தில் கூடிவிட்டோம். உப்பும் இல்லை, கரியும் இல்லை. அன்றுதான் வார்த்து எடுத்தது போல வெண்சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தது. அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமா அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

கழுவும் வேலை கிணற்றடியில் நடந்தது. முதலில் மண்ணெண்ணெய், பிறகு சவர்க்காரம் கரைத்த சுடுதண்ணீர். நான் மொண்டு ஊற்ற, அப்பா தேய்த்தார். எஞ்சின் உடம்புக்குள் எண்ணெய் ஓடுவதற்கென்று நுளம்பு மட்டுமே நுழையக்கூடிய சின்னத் துவாரங்கள் உண்டு. அவற்றுக்குள் சைக்கிள் கம்பியை விட்டுக் குடைந்தார். சைக்கிள் பம்பால் காற்றடித்தார். ஒவ்வொரு முறையும் கழுவிய பேசினின் அடியில் மணல் கிடந்தது. நீரை ஊற்றிவிட்டு மறுபடி கழுவினால் மறுபடியும் கிடந்தது. எங்கே ஒளிந்திருந்து வருகிறது என்று எனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது.

ஒரு துவாரத்தின் கடைசியில் சிறிய திருகாணி ஒன்று இறுகிப்போயிருந்தது. அதைக் கழற்றினால்தான் அந்தப் பாதையை முழுக்கக் கழுவலாம். ஆனால் அதன் தலை தேய்ந்திருந்தது. உளி வைத்துத் தட்டினால் எஞ்சின் உடம்பில் வெடிப்பு விழுந்துவிடலாம். வெடித்தால் வேறு உடம்புக்கு எங்கே போவது? அப்பா ஒருமுறை முறுக்கிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

"இஞ்சாருங்கோ, இன்னும் மண் வருது" என்றார் அம்மா.

அது வெளிப்பக்கத்து மண் என்று அப்பா சொன்னார். கப்பலுக்கே ஒன்றும் ஆகவில்லை என்று மாமாவும் சொன்னார். கப்பல் தகட்டுக்கு உள்வழி கிடையாது என்பதை அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. கந்தளாயில் அப்பா வழக்கமாக மீன் கொடுக்கும் வீடுகளுக்கு வேறொருவன் கொடுக்கத் தொடங்கிவிட்டதாகக் கதை வந்திருந்தது. அதற்குமேல் கழுவ அப்பாவுக்குப் பொறுமை இருக்கவில்லை.

துண்டுகளைப் பூட்டி வண்டியில் ஏற்றியதும் எஞ்சின் முதல் உதையிலேயே பிடித்தது. அவ்வளவு மெல்லிய சத்தத்தை அந்த வண்டியிடம் நாங்கள் கேட்டதில்லை. மாமா என்னை முன்னால் இருத்திக் கோயில் வரை ஓட்டிக்காட்டினார். மறுநாள் காலை அப்பா பெட்டி நிறையப் பாரைமீனோடு போனார்.

பின்னேரம் ஒரு விறகு லொறி எங்கள் ஒழுங்கை வாசலில் நின்றது. விறகுக்கு மேலே மோட்டார் சைக்கிளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அப்பா இறங்கினார். தம்பலகாமம் தாண்டிக் காட்டு நடுவில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டதாம். விழுந்ததில் முழங்கை உரிந்திருந்தது. வெயில் ஏறும்வரை வழியில் வாகனம் ஒன்றும் வரவில்லை. மீனைப் பற்றைக்குள் கொட்டிவிட்டு வந்திருந்தார்.

எஞ்சினை மறுபடி கழற்றினார். உள்ளே சுழலும் கிராங் தண்டு அரம் போட்டு ராவினதுபோலத் தின்னப்பட்டிருந்தது. இனி வெடித்தால் என்ன என்று நினைத்தாரோ, உளியை வைத்து அந்தத் திருகாணியைத் தட்டினார். அது இலகுவாகக் கழன்றது. பின்னாலிருந்து எண்ணெயில் குழைந்த மணல் சேறாக வழிந்தது. அம்மா பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஓடிவந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. "மணலோ அத்தான்?" என்றார்.

"சீ, இல்லை. பழைய பேரிங் தேஞ்சுபோச்சு. அது எப்பவோ போக இருந்தது, தம்பி" என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளில் அழுந்தியது. மாமாவின் மூச்சு திரும்பி வந்தது. அன்று மத்தியானம் அவர் எங்களோடு இருந்து சாப்பிட்டார். மணல் என்று தெரிந்துகொண்டே அப்பா ஏன் பொய் சொன்னார் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். போய்ப் பாடத்தைப் படிக்கச் சொன்னார்.

கிராங்குக்காக அப்பா கொழும்புக்குப் போய்வந்தார். இல்லை என்று எல்லாக் கடையிலும் கையை விரித்துவிட்டார்கள். லேத்தில் கடைந்து தரக்கூடிய ஒருவர், இவ்வளவு தின்னப்பட்டதில் கடைய ஒன்றும் இல்லை என்றார். அதன்பின் அப்பா சாம்பல்தீவுக் கரையில் வேறு முதலாளிகளின் மீன்கூடைகளை லொறிக்குச் சுமந்தார். அவர் முன்பு விலைபேசி மீன் எடுத்த அதே கரை. தோளில் கூடை வைத்த தழும்போடு பின்னேரம் வீட்டுக்கு வருவார். தேத்தண்ணி குடித்துவிட்டு, எஞ்சின் துண்டுகளைச் சாக்கிலிருந்து எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோவார்.

அங்கே அவற்றைக் கழுவினார். ஒவ்வொரு துவாரமாகக் கம்பி விட்டுக் குடைந்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். துணியில் துடைத்து அடுக்கி, அடுத்த நாள் மறுபடியும் கழுவுவார். நான் சந்தோசமாகத் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். இம்முறை நன்றாகக் கழுவுகிறோம், ஆகவே இம்முறை ஓடும் என்பது என் எண்ணம். பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிக்கு, வைகாசிக்குள் அவளையும் ஏற்றிக்கொண்டு கந்தளாய்க் குளம் பார்க்கப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒருநாள் பேசின் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. அடியில் ஒரு துகள் இல்லை. "சுத்தம் அப்பா, நாளைக்குப் பூட்டுவமோ?" என்று கேட்டேன்.

அப்பா தண்ணீரைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஊற்றும்படி கையை நீட்டினார்.

எனக்குக் கவலையாகிவிட்டது. வாளியை வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடினேன். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, வெறும் தண்ணீரில் மண் இருக்கிறது என்கிறார், ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நெருப்பு நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தும், என் பக்கம் திரும்பாமல் ஊதிக்கொண்டே இருந்தார்.