இடது கைப் பக்கம்

குஞ்சு பொரிப்பகத்தில் அவளுக்கு ஸ்தோத்திரக்காரி என்று பெயர். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். ஒன்றை எடுப்பாள், இறக்கையை விரிப்பாள். பெட்டை என்றால் வலது பக்கத்துப் பெட்டி, கூடவே ஒரு ஸ்தோத்திரம். சேவல் என்றால் இடது பக்கத்துக் குழாய். கால் கோணியது, தலை நடுங்குவது எல்லாமும் இடது பக்கம்தான். குழாய் நேரே அரவை இயந்திரத்துக்குப் போகும். முட்டை போடாததற்குத் தீனி போட முதலாளிக்கு என்ன தலையெழுத்தா? அந்தப் பக்கம் போவதற்கு ஸ்தோத்திரமும் கிடையாது.

பதினெட்டு வருஷமாக இதே வேலை. எந்த வேலையையும் கர்த்தருடைய மகிமைக்கென்று செய்தால் அதுவும் ஊழியம்தான் என்று சபையில் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அந்த இயந்திரச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று எவளால் மதியம் சாப்பிட முடியும்?

அவளுக்கு ஒரே மகள், பதினான்கு வயது. பிறந்ததிலிருந்தே அந்தப் பிள்ளைக்குத் தலை ஆடும். சிரிப்பும் பாட்டும் கைதட்டலும் மற்றவர்களுக்கு ஒரு தாளம் பின்னால்தான் வரும். ஆனால் பாட்டென்றால் உயிரை விடும். ஒருமுறை பொரிப்பகத்துக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்தவள், அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இந்தப் பக்கம் போறதுக்கு ஏன் ஸ்தோத்திரம் சொல்ல மாட்டேங்கிற?"

"வாயை மூடிட்டு வீட்டுக்குப் போ."

இந்த வருஷம் சபையின் ஆண்டு விழாவுக்கு ஆள் போதாமல் பாடகர் குழுவில் மகளையும் சேர்த்துக்கொண்டார்கள். சூரியன் முதல் புழு வரைக்கும் படைத்தவரைப் புகழ வேண்டும் என்று ஒரு பாட்டு. புழு வருகிற ஒரே ஒரு வரி அவளுக்கு. அந்த ஒரு வரியை மூன்று மாதம் குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் பாடிப் பாடி அம்மாவின் காதைப் புளிக்க வைத்துவிட்டாள்.

விழாவுக்கு முந்தின நாள் பாஸ்டரம்மா ஸ்தோத்திரக்காரியின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"சிஸ்டர், நாளைக்கு வீடியோ எடுக்கிறாங்க. பாப்பா தலை ஆடிக்கிட்டே இருந்தா பார்க்கிறவங்க கவனம் பாட்டுல நிக்காது. கர்த்தருக்குச் செய்றது குறையில்லாம இருக்கணும் இல்லையா? நாங்க சொன்னா பிள்ளை மனசு கஷ்டப்படும். நீங்களே சொல்லிடுங்க." கையை விடாமலே சேர்த்துச் சொன்னார். "நாளைக்கு நீங்கதான் சாட்சி சொல்லணும். வேலையில எப்படி தேவனை மகிமைப்படுத்துறீங்கன்னு."

பதினெட்டு வருஷத்தில் யாரும் அவளை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. ஒரு குஞ்சைப் பார்க்கிற நேரம்கூட அவள் யோசிக்கவில்லை என்பதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

மகள் வீட்டில் வெள்ளை உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ நாளைக்குப் பாட வேண்டாம் கண்ணு. கீழ உக்காந்து கேளு."

பிள்ளை அழவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தாள்.

"நான் இடது பக்கமாம்மா?"

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை.

மறுநாள் பாட்டு குறையில்லாமல் நடந்தது. புழு வரியை வேறொரு பெண் பாடினாள். பிறகு ஸ்தோத்திரக்காரி மேடை ஏறி, நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் கண்ணைக் கர்த்தர் தனக்குக் கொடுத்திருக்கிறார் என்று சாட்சி சொன்னாள். நன்றாகவே சொன்னாள். சபை முழுக்கக் கைதட்டியது.

எல்லோரும் தட்டி ஓய்ந்த பிறகு, இடது ஓரத்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கைதட்டல் மட்டும் தனியாக வந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் மேடையை விட்டு இறங்கினாள். பதினெட்டு வருஷமாக அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துதான் அவளுக்குப் பழக்கம்.